மலைக் குளிரும் அடுக்கு ஆடையும்

பருத்தியைப் பயிரிடுவோரும் அதை நூற்று நெய்வோரும் கூடிய சங்கம் நம்முடையது. ஆடை நமக்குத் தொழில். அதைப் பற்றி நமக்கு ஒருவர் சொல்லித்தர வேண்டியதில்லை என்று எண்ணுவது இயல்பே. ஆனால் நாம் அறிந்த ஆடை பெரும்பாலும் வெயிலுக்கு ஏற்ற ஆடை. வியர்வையை உறிஞ்சிக்கொண்டு, காற்றை உள்ளே விட்டு, உடலைக் குளிர்விப்பது அதன் சிறப்பு. சமவெளியில் சிறப்பாக விளங்கும் அதே குணம் உயர்ந்த மலைகளில் உயிருக்கே ஊறு விளைவிக்கக் கூடும். இதை அங்கத்தினர்களுக்கு எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

கங்கோத்திரி, கேதாரம், பத்ரி முதலிய தலங்களுக்கு யாத்திரை செல்லும் நம்மவர் பலர். கங்கோத்திரித் தீர்த்தத்தைக் கொண்டுவந்து இராமேசுவரத்தில் அபிஷேகம் செய்யும் வழக்கம் நெடுங்காலமாக இருந்து வருகிறது. அவ்வாறு செல்வோருள் இளைஞர் சிலர் கோயிலோடு நில்லாமல், முதுகில் பையைச் சுமந்துகொண்டு மலைப்பாதையில் மேலும் நடக்கிறார்கள். எந்தெந்தக் குளிராடைகளை எடுத்துச் செல்வது, எவ்வளவு எடுத்துச் செல்வது, பையில் எவ்வாறு வைப்பது என்பன அவர்களுக்கு எழும் வினாக்கள். கனத்த ஸ்வெட்டர் ஒன்றும் சால்வை ஒன்றும் இருந்தால் போதும் என்று புறப்படுவோர் உண்டு. அகப்பட்டதையெல்லாம் திணித்துக்கொண்டு, சுமக்க மாட்டாமல் பாதி வழியில் திகைப்போரும் உண்டு. இரண்டும் பொருந்தா. கங்கோத்திரியிலிருந்து கோமுகம் வரை செல்லும் பாதையை உதாரணமாகக் கொண்டு இவ்விஷயத்தை ஆராய்வோம்.

காலமும் இடமும்

புரட்டாசி, ஐப்பசி மாதங்கள் நமக்கு வடகிழக்குப் பருவமழையை எதிர்நோக்கும் காலம். இமயமலையின் கார்வால் பகுதிக்கோ அது மழை ஓய்ந்து வானம் தெளியும் காலம். வடநாட்டார் அதைச் சரத் ருது என்பர். செப்டம்பர் மாதக் கடைசியில் தென்மேற்குப் பருவமழை அங்கிருந்து விலகுகிறது. தீபாவளிக்கு மறுநாள் கங்கோத்திரிக் கோயில் நடை சாத்தப்படுகிறது. இடைப்பட்ட சில வாரங்களே மலை நடைக்கு மிக உகந்தவை. பனிமலைகள் மறைவின்றித் தெரியும். வழியும் பெரும்பாலும் உலர்ந்திருக்கும்.

ஆயினும் இது இரண்டு பருவங்கள் கைமாறும் காலம் என்பதை மறக்கலாகாது. பகலில் வெயில் சுடும். மாலையில் சூரியன் மலைக்குப் பின்னே சென்ற கால் மணிக்குள் பல் கிட்டும். கங்கோத்திரி கடல் மட்டத்துக்கு மேல் ஏறக்குறைய 3,100 மீட்டர் உயரத்தில் உள்ளது. அங்கிருந்து 14 கிலோமீட்டர் தொலைவில் போஜ்பாசா, ஏறக்குறைய 3,800 மீட்டர். அதற்கப்பால் 4 கிலோமீட்டரில் பாகீரதி பனியாற்றினின்று வெளிப்படும் கோமுகம். போஜ்பாசாவில் இரவு தங்கி, மறுநாள் காலை கோமுகம் கண்டு திரும்புவதே வழக்கம்.

உயரம் 1,000 மீட்டர் கூடுந்தோறும் காற்றின் வெப்பம் சராசரி 6.5 டிகிரி செல்சியஸ் குறைகிறது. ரிஷிகேசம் ஏறக்குறைய 350 மீட்டர் உயரத்தில் இருப்பது. அதற்கும் போஜ்பாசாவுக்கும் உள்ள வேறுபாடு சுமார் 3,450 மீட்டர். கணக்கிட்டால் 22 டிகிரிக்கு மேல் வேறுபாடு வருகிறது. ரிஷிகேசத்தில் பகலில் 30 டிகிரி இருக்குமானால் போஜ்பாசாவில் 8 டிகிரிதான் எதிர்பார்க்கலாம். இரவில் அது உறைநிலையை எட்டும். ஐப்பசியில் அதற்குக் கீழேயும் இறங்கும். காற்று வீசினால் குளிர் மேலும் உறைக்கும். 5 டிகிரி வெப்பமுள்ள காற்று மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் வீசும்போது, உறைநிலைக்குச் சற்றுக் கீழே உள்ள அமைதியான காற்றைப்போல் தோலைத் தாக்குகிறது.

தெளிந்த வானமும் நம்பத்தக்கதன்று. 2021 அக்டோபர் மாத நடுவில், கங்கோத்திரிச் சாலையிலுள்ள ஹர்சிலிலிருந்து லம்காகா கணவாய் வழியே ஹிமாசலப் பிரதேசத்துச் சித்குலுக்குப் புறப்பட்ட ஒரு குழுவினர் கடும் பனிப்பொழிவில் அகப்பட்டுக்கொண்டனர். அவர்களுள் பலர் உயிருடன் திரும்பவில்லை. அக்கணவாய் 5,000 மீட்டருக்கு மேற்பட்டது. கோமுகப் பாதை அவ்வளவு கடினமானதன்று. ஆனால் இரண்டிற்கும் மேலே கவிந்திருக்கும் வானம் ஒன்றே. நல்ல நாளுக்கு ஏற்ற ஆடையோடு புறப்படுகிறவன் கெட்ட நாளில் உதவியற்றவன் ஆகிறான். ஆகவே எதிர்பார்க்கும் குளிருக்குச் சற்று மேலான குளிருக்கே ஆயத்தம் செய்துகொள்ள வேண்டும்.

குளிர் உடலைப் பற்றும் வழி

ஆடை வெப்பத்தைத் தருவதில்லை. வெப்பத்தைத் தருவது நாம் உண்ணும் உணவும் உடலின் உழைப்புமே. ஆடை அதை வெளியேறாமல் காக்கிறது. காப்பதும் நூலிழை அன்று, இழைகளுக்கிடையே அசையாமல் நிற்கும் காற்றே. இலவம்பஞ்சு மெத்தையை வெயிலில் காயவைத்துத் தட்டினால் அது உப்புகிறது. அன்றிரவு படுத்தால் கதகதப்பாக இருக்கிறது. நாளடைவில் தட்டையானபின் அந்தக் கதகதப்பு இல்லை. பஞ்சு குறையவில்லை, உள்ளே நின்ற காற்றுக் குறைந்துவிட்டது. வைக்கோற்போரின் உட்புறம் மார்கழிப் பனியிலும் குளிராமல் இருப்பதற்கும் அடைபட்ட காற்று ஒரு காரணம்.

காற்று இருக்கவேண்டிய இடத்தில் நீர் புகுந்தால் என்ன ஆகும்? நீர் காற்றைக் காட்டிலும் ஏறக்குறைய 25 மடங்கு விரைவாக வெப்பத்தைக் கடத்தும். அன்றியும் நீர் ஆவியாகும்போது வெப்பத்தைக் கவர்ந்து செல்கிறது. ஒரு கிராம் வியர்வை ஆவியாவதற்குச் சுமார் 580 கலோரி வெப்பம் வேண்டும். நனைந்த பருத்திப் பனியன் ஒன்றில் 150 கிராம் நீர் நிற்பதாகக் கொள்வோம். அது முழுவதும் நம் உடலின் சூட்டினாலேயே உலருமானால் 87,000 கலோரி வெப்பம் செலவாகும். 60 கிலோ எடையுள்ள ஒருவருடைய உடலை ஒன்றரை டிகிரிக்கு மேல் குளிரச் செய்ய இது போதும். உடலும் இடைவிடாது வெப்பத்தை உண்டாக்கிக்கொண்டிருப்பதால் அவ்வளவும் குறைந்துவிடுவதில்லை. ஆயினும் களைத்துப் பசித்து நிற்கும் வேளையில் அந்த ஈடுசெய்யும் ஆற்றல் குன்றுகிறது. உடலின் இயல்பான வெப்பம் 37 டிகிரி. அது 35 டிகிரிக்குக் கீழே இறங்கினால் அபாயம். இரண்டு டிகிரி இடைவெளியில்தான் நாம் வாழ்கிறோம் என்பதை நினைவில் வைக்க வேண்டும். உறைபனி இல்லாத இடத்திலும், வெறும் மழையும் காற்றும் சேர்ந்தே இந்த நிலையை உண்டாக்கக் கூடும்.

இழைகளின் குணம்

இனி நம் தொழிலை ஒட்டிய பகுதிக்கு வருவோம். சாதாரண ஈரப்பதமுள்ள காற்றில் ஒவ்வோர் இழையும் தன் எடையில் ஒரு பங்கு ஈரத்தைத் தாங்கி நிற்கிறது. வாணிபத்தில் ஏற்றுக்கொண்ட கணக்கின்படி பருத்திக்கு அது நூற்றுக்கு 8.5, பட்டுக்கு 11, கம்பளிக்கு 16 அல்லது அதற்குச் சற்று மேல், பாலியெஸ்டருக்கு 0.4. இந்த எண்களை மட்டும் பார்த்தால் கம்பளியே மிகவும் ஈரத்தை விரும்புவதாகத் தோன்றும். உண்மை வேறு.

கம்பளி இழையின் மேற்புறத்தில் மீன் செதில் போன்ற அடுக்குகளும் மெல்லிய கொழுப்புப் படலமும் உள்ளன. அவை நீர்த்துளியை எளிதில் ஒட்டவிடுவதில்லை. நீராவியோ இழையின் உள்ளே சென்று தங்குகிறது. தன் எடையில் நூற்றுக்கு 30 பங்கு வரை ஆவியை உட்கொண்ட பின்னும் கம்பளியைத் தொட்டால் ஈரம் தெரிவதில்லை. ஆவியை ஏற்கும்போது அது சிறிது வெப்பத்தையும் வெளியிடுகிறது. இழைகள் இயற்கையாகவே சுருண்டிருப்பதால் நனைந்தாலும் ஒன்றோடொன்று படிந்துவிடாமல் உப்பியே நிற்கின்றன. இடையிலுள்ள காற்று முழுதும் போய்விடுவதில்லை.

பருத்தியின் இயல்பு இதற்கு மாறானது. அது நீரைத் தேடி உறிஞ்சும். இழையின் உள்ளேயும், இழைகளுக்கிடையேயும், நூல்களுக்கிடையேயும் நீரை ஏந்திக்கொள்ளும். நனைந்தால் அது வலுக்குறையாமல் இன்னும் வலுப்பெறுகிறது என்பதை நெசவாளர் அறிவர். துண்டுக்கும் சேலைக்கும் இவையெல்லாம் பெருமை தருபவை. ஆனால் நனைந்த பருத்தி உடலோடு ஒட்டிப் படிந்து, காற்றுக்கு இடமில்லாமல் செய்து, நெடுநேரம் உலராமல் நிற்கிறது. பருத்தியும் பாலியெஸ்டரும் கலந்த துணியும் இவ்விஷயத்தில் முழுதும் நம்பத்தக்கதன்று.

பாலியெஸ்டர் நீரை உட்கொள்வதில்லை. அதனால் பிழிந்து உதறினாலே பெரும்பகுதி உலர்ந்துவிடும். பின்னிய பாலியெஸ்டர் துணியின் முகத்தைச் சுரண்டி மயிர் எழுப்பியதே ஃபிளீஸ் என்னும் துணி. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்திலிருந்த மால்டன் மில்ஸ் என்னும் ஆலை 1979இல் அதை வெளியிட்டது. எடை குறைவு, விலையும் குறைவு. வியர்வை நாற்றம் விரைவில் பற்றுவதும், நெருப்புப் பொறி பட்டால் உருகுவதும், துவைக்குந்தோறும் நுண்ணிய பிளாஸ்டிக் இழைகள் நீரில் கலப்பதும் அதன் குறைகள்.

இவற்றை வாயால் சொல்லக் கேட்பதைவிட வீட்டிலேயே சோதித்து அறியலாம். பருத்தி, கம்பளி, பாலியெஸ்டர் ஆகிய மூன்றிலும் ஏறக்குறைய ஒரே எடையுள்ள ஆடை ஒவ்வொன்றை எடுத்துக்கொள்ளுங்கள். மூன்றையும் வாளி நீரில் கால் மணி நேரம் ஊறவைத்து, ஒரே அளவாகப் பிழிந்து, தராசில் நிறுங்கள். பிறகு நிழலில் கொடியில் இட்டு ஒவ்வொரு மணிக்கும் ஒரு முறை நிறுத்துக் குறித்து வாருங்கள். எது எவ்வளவு நீரை ஏந்தியது, எது முதலில் உலர்ந்தது என்பதைத் தராசே சொல்லிவிடும்.

மூன்று அடுக்குகள்

ஒரே கனத்த கோட்டைக் காட்டிலும் மெல்லிய ஆடைகள் பல சிறந்தவை. வெங்காயத்தைப்போல் ஒன்றன்மேல் ஒன்றாக அணிந்தால் ஒவ்வோர் அடுக்குக்கும் இடையே காற்று நிற்கிறது. வேண்டும்போது ஒன்றைக் கழற்றலாம். வேண்டும்போது ஒன்றைச் சேர்க்கலாம். இது புதிய முறையன்று. 1924இல் எவரெஸ்டில் மறைந்த ஜார்ஜ் மலோரியின் உடல் 1999இல் கண்டெடுக்கப்பட்டது. பட்டு, பருத்தி, கம்பளி ஆடைகளை அவர் அடுக்கடுக்காக அணிந்து, மேலே காபர்டின் என்னும் நெருக்கமாக நெய்த துணியாலான உடையைத் தரித்திருந்தார் என்பது அப்போது தெரியவந்தது. பொருள்கள் மாறியிருக்கின்றன, அடுக்கும் நியாயம் மாறவில்லை.

முதல் அடுக்கு தோலைத் தொடுவது. வியர்வையை உடலிலிருந்து வெளியே கடத்துவதே இதன் வேலை. மென்மையான மெரினோ கம்பளியோ, விளையாட்டு வீரர் அணியும் மெல்லிய பாலியெஸ்டர் பின்னலோ இதற்கு ஏற்றது. முரட்டுக் கம்பளி தோலை உறுத்தும். மெரினோ இழை மிக நுண்ணியதாதலால் உறுத்துவதில்லை. முழுக்கைச் சட்டை 2, முழுக்கால் உள்ளாடை 2 போதும். ஒரு ஜோடி நடப்பதற்கு, மற்றொன்று உறங்குவதற்கு. இவ்விடத்தில் பருத்திப் பனியன் அறவே கூடாது.

இரண்டாம் அடுக்கு காற்றை அடைத்து வைப்பது. இதில் இரண்டு வகை வேண்டும். நடக்கும்போது அணிவதற்கு ஒரு மெல்லிய கம்பளி ஸ்வெட்டரோ ஃபிளீஸ் சட்டையோ ஒன்று. நின்று இளைப்பாறும்போதும், மாலையிலும், விடியற்காலையிலும் அணிவதற்குப் பஞ்சு போன்ற பொருள் அடைத்த ஜாக்கெட் ஒன்று. வாத்தின் மென்தூவி அடைத்தது எடை குறைந்தது, மிகுந்த கதகதப்புத் தருவது; ஆனால் நனைந்தால் சுருண்டு பயனற்றுப்போகும். பாலியெஸ்டர் அடைத்தது சற்றுக் கனம். நனைந்தாலும் ஓரளவு காக்கும். மழைக்கு இடமுள்ள நாட்களில் பாலியெஸ்டர் அடைத்ததே புதியவர்களுக்கு நல்லது.

மூன்றாம் அடுக்கு காற்றையும் மழையையும் தடுப்பது. தொப்பியுடன் கூடிய மழைக்கோட்டு ஒன்றும், மழைக் காற்சட்டை ஒன்றும் வேண்டும். வெறும் பிளாஸ்டிக்கு மழையை நிறுத்தும். ஆனால் வியர்வையையும் உள்ளேயே நிறுத்திவிடும். 1969இல் ராபர்ட் கோர் என்பவர் ஒருவகை பிளாஸ்டிக்கை வேகமாக இழுத்து நுண்துளைகள் உள்ள படலமாக்கினார். நீர்த்துளி புகமுடியாத, ஆனால் நீராவி கடக்கக்கூடிய அளவுள்ள துளைகள் அவை. கோர்-டெக்ஸ் முதலிய துணிகள் இந்த நியாயத்தில் அமைந்தவை. விலை மிகுதி. அது இயலாதவர்கள் அக்குளில் காற்றுவாய் வைத்த சாதாரண மழைக்கோட்டை வாங்கலாம். மேலாடை உள்ளாடைகளை நெருக்காத அளவில் பெரிதாக இருக்க வேண்டும். இறுக்கினால் உள்ளே உள்ள காற்று பிதுங்கிப்போகும். அடுக்கியதன் பயன் கெடும். எல்லாவற்றையும் ஒன்றாக அணிந்து, கையை உயர்த்திக் குனிந்து நிமிர்ந்து பார்த்தபின்பே வாங்குவது நலம்.

தலை, கை, கால்

மூடாமல் விட்ட உறுப்பின் வழியே வெப்பம் ஓடிவிடும். காதை மூடும் கம்பளிக் குல்லாய் ஒன்று, கழுத்துக்கு மஃப்ளர் ஒன்று. வீட்டில் முதியோர் மார்கழியில் அணியும் குரங்குக் குல்லாய் இரண்டிற்கும் ஈடாகும். அதைக் கண்டு இளைஞர் நகைக்க வேண்டியதில்லை. கையுறை 2 ஜோடி: மெல்லியது ஒன்று, அதன்மேல் நீர் புகாதது ஒன்று. கம்பளிக் காலுறை 3 ஜோடி: 2 நடப்பதற்கு, 1 உறங்குவதற்கு மட்டும். காலுறையை இரட்டையாக அணிந்து காலணியை இறுக்கினால் இரத்த ஓட்டம் தடைப்பட்டுக் கால் இன்னும் குளிரும்.

மலைமேல் காற்று மெல்லியது; சூரியனின் புற ஊதாக் கதிர்கள் 1,000 மீட்டருக்கு ஏறக்குறைய நூற்றுக்கு 10 பங்கு கூடுகின்றன. ஆகவே வெயில் தொப்பியும் கருப்புக் கண்ணாடியும் குளிராடையோடு சேர்த்தே எண்ணத்தக்கவை.

இவ்வளவும் சேர்ந்து எவ்வளவு எடை? மாற்று உள்ளாடை 400 கிராம், ஸ்வெட்டர் 350, அடைத்த ஜாக்கெட் 500, மழை உடை 650, குல்லாய், கையுறை, காலுறை 300 என்று கொண்டால் 2 கிலோ 200 கிராம் ஆகிறது. முதுகுச் சுமை முழுவதும் உடல் எடையில் ஐந்தில் ஒரு பங்கை மீறாமல் இருப்பது நல்லது. 60 கிலோ எடையுள்ளவர் 12 கிலோவுக்குமேல் சுமக்கலாகாது. அந்தப் பன்னிரண்டில் இரண்டேகால் கிலோவைக் குளிராடைக்கு ஒதுக்குவது வீண் அன்று. நான்காவது சட்டை, இரண்டாவது போர்வை, வாசனைப் பொருள்கள் ஆகியவற்றையே விலக்க வேண்டும்.

பையில் அடுக்கும் முறை

பையின் மேல் போடும் மழையுறையை மட்டும் நம்பக்கூடாது. முதுகுப் பக்கமாக நீர் இறங்கி அடியில் தேங்கும். உர மூட்டையின் உள்ளுறையைப் போன்ற கனத்த பிளாஸ்டிக் பை ஒன்றை முதுகுப்பையின் உள்ளே விரித்து, அதற்குள் எல்லாவற்றையும் வைத்து, வாயை முறுக்கிக் கட்ட வேண்டும். உறங்கும் உடையும் உறங்கும் காலுறையும் தனியாக மற்றொரு பையில் கட்டி அடியில் இருக்கட்டும். என்ன நேர்ந்தாலும் பகலில் அதைத் தொடலாகாது. நனைந்து நடுங்கி வந்து சேரும் மாலையில் அந்த உலர்ந்த ஜோடியே உயிர்க் காப்பு.

முதலில் தேவைப்படுவது கடைசியில் வைக்கப்பட வேண்டும். ஆகவே மழைக்கோட்டு எல்லாவற்றுக்கும் மேலே. அதன்கீழ் அடைத்த ஜாக்கெட். குல்லாயும் மெல்லிய கையுறையும் பக்கப் பையில். அடைத்த ஜாக்கெட்டையும் உறக்கப்பையையும் வருஷக் கணக்கில் இறுக்கிச் சுருட்டி வைத்தால் உப்பும் தன்மை கெடும். ஊர் திரும்பியதும் தளர்த்தி மாட்டிவைக்க வேண்டும். உறங்கும்போது மேலே எவ்வளவு போர்த்தினாலும் கீழே தரை வெப்பத்தை ஈர்க்கும். உடல் அழுத்துவதால் அடிப்புறத்து அடைப்பு தட்டையாகிவிடும். ஆகவே நுரைப்பாய் ஒன்று இன்றியமையாதது.

நடக்கும்போது செய்யவேண்டுவன

அடுக்கு ஆடையைச் சுமப்பது மட்டும் போதாது. வேளை அறிந்து மாற்ற வேண்டும். காலையில் புறப்படும்போது சற்றே குளிர்வதுபோல் இருக்கட்டும். கால் மணி நடந்தால் உடல் தானே சூடேறும். ஏற்றத்தில் வியர்க்கத் தொடங்குமுன்பே ஓர் அடுக்கைக் கழற்றிவிட வேண்டும். வியர்த்தபின் கழற்றுவதால் பாதிப் பயனே உண்டு. நின்றவுடன், குளிர் தெரிவதற்கு முன்பே, அடைத்த ஜாக்கெட்டை அணிந்துகொள்ள வேண்டும். ஒவ்வொரு தடவையும் பையை இறக்கி ஏற்றுவது சோம்பலாகத் தோன்றும். பலர் அந்தச் சோம்பலினாலேயே குளிருக்கு ஆளாகிறார்கள். வேளாவேளைக்கு உண்பதும் நீர் அருந்துவதும் அடுப்புக்கு விறகிடுவது போன்றவை.

குளிர் தாக்கினால்

கட்டுப்படாத நடுக்கம், பொத்தானையும் போடமுடியாத விரல் தடுமாற்றம், குழறும் பேச்சு, தள்ளாடும் நடை, காரணமற்ற எரிச்சல் அல்லது மௌனம், இவை உடல் வெப்பம் இறங்குவதன் அடையாளங்கள். பாதிக்கப்பட்டவர் தமக்கு ஒன்றுமில்லை என்றே சொல்வார். அவர் சொல்லை ஏற்கக் கூடாது. காற்றுப்படாத இடத்துக்கு அழைத்துச் சென்று, நனைந்த உடையைக் களைந்து, உலர்ந்த உடையை அணிவித்து, தரையிலிருந்து பிரித்துப் படுக்கவைத்து, போர்த்த வேண்டும். விழுங்கும் நிலையில் இருந்தால் இனிப்பிட்ட சூடான பானம் கொடுக்கலாம். மது கொடுக்கவே கூடாது; அது தோலின் இரத்தக் குழாய்களை விரித்து, உள்ளிருக்கும் வெப்பத்தையும் வெளியேற்றிவிடும். கை கால்களை அழுத்தித் தேய்ப்பதும் தகாது. நடுக்கம் நின்றும் அறிவு தெளியவில்லையானால் நிலைமை முற்றிவிட்டது என்று பொருள். உடனே மருத்துவ உதவி நாட வேண்டும்.

தலைவலி, குமட்டல், மூச்சுத் திணறல் முதலியன உயரத்தினால் வருபவையாக இருக்கலாம். அவற்றுக்கு ஆடை மருந்தாகாது. மேலே ஏறாமல் நிற்பதும், குறையாவிட்டால் கீழே இறங்குவதுமே வழி.

பருத்தியின் இடம்

இவ்வளவும் படித்த நெசவாளர் சிலர், நம் பருத்திக்கு மலையில் இடமே இல்லையா என்று கேட்கலாம். உண்டு. வெயில் தொப்பிக்கும், கைக்குட்டைக்கும், ரிஷிகேசம் வரையுள்ள இரயில், பஸ் பிரயாணத்துக்கும், விடுதியில் உடுக்கும் வேட்டிக்கும் பருத்தியே சிறந்தது. அதோடு நில்லாமல், நெசவுத் திறத்தினால் பருத்தியே மழையைத் தடுத்த வரலாறும் உண்டு. இரண்டாம் உலகப் போரின்போது இங்கிலாந்தில் மான்செஸ்டர் நகரத்து ஷெர்லி ஆராய்ச்சி நிலையத்தார் வென்டைல் என்னும் துணியை உருவாக்கினர். நீளிழைப் பருத்தியை நுண்ணிய நூலாக்கி மிக நெருக்கமாக நெய்தது அது. நனைந்தவுடன் நூல்கள் பருத்து, இடைவெளிகளைத் தாமே அடைத்துக்கொள்ளும். மேலும் நீர் புகாது. குளிர்ந்த கடலில் விழ நேரும் விமானிகளுக்கு உடையாக அது பயன்பட்டது. 1953இல் எவரெஸ்டில் ஏறிய குழுவினரின் காற்றுத் தடுப்பு உடையும் பருத்தியும் நைலானும் கலந்து நெய்த துணியே. பருத்தியின் எந்தக் குணம் தோலருகே பகையாகிறதோ, அதே குணம் வெளியடுக்கில் நட்பாகிறது. இழையைக் குறை சொல்வதற்கில்லை; இடமறிந்து வைப்பதே நம் கடமை. விற்கும் பொருளின் எல்லையை வாங்குவோரிடம் ஒளிக்காமல் சொல்வதும் கூட்டுறவு நாணயத்தின் ஒரு பகுதியே.

கூட்டாகச் செய்யத்தக்கது

வாழ்நாளில் ஒரு முறையோ இரு முறையோ செல்லும் பயணத்துக்கு ஒவ்வொருவரும் எல்லாப் பொருளையும் சொந்தமாக வாங்குவது வீண் செலவு. தோலைத் தொடும் ஆடையும் காலுறையும் அவரவருடையதாக இருக்க வேண்டும். மழைக்கோட்டு, அடைத்த ஜாக்கெட், உறக்கப்பை, நுரைப்பாய் ஆகியவற்றை ஒரு சங்கம் நாலைந்து தொகுதியாக வாங்கி வைத்து, சிறு வாடகைக்கு அங்கத்தினர்க்குத் தரலாம். திரும்பி வந்ததும் துவைத்து உலர்த்தி ஒப்படைப்பது நிபந்தனையாக இருக்கட்டும். கம்பளி ஆடை வாங்குவோர் மலைநாட்டு நெசவாளர் சங்கங்களை ஆதரிக்கலாம். குலு பள்ளத்தாக்கின் பூட்டி நெசவாளர் கூட்டுறவுச் சங்கம் 1944இல் பதிவாகியது. கம்பளி நெசவில் பெயர் பெற்றது. நெய்வோர் கை நெய்வோர்க்கு உதவுவது நன்றேயாம்.

புறப்படுமுன் நினைவில் கொள்ளவேண்டியவை இன்னும் இரண்டு. கோமுகப் பாதை கங்கோத்திரி தேசியப் பூங்காவினுள் செல்வது. வனத்துறையின் அனுமதிச் சீட்டு வேண்டும், நாளொன்றுக்கு இத்தனை பேர் என்ற வரம்பும் உண்டு. 2025 ஆகஸ்டு 5ஆம் நாள் கங்கோத்திரிச் சாலையிலுள்ள தராலி கிராமத்தைப் பெருவெள்ளம் சிதைத்தது. ஆகவே சாலையின் நிலையையும் வானிலை அறிவிப்பையும் விசாரித்தே கிளம்ப வேண்டும்.

கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்னதாக, எல்லாப் பொருளையும் பையில் அடுக்கிச் சுமந்துகொண்டு ஒரு நாள் அருகிலுள்ள குன்றில் ஏறி இறங்கிப் பாருங்கள். கண்ணை மூடிக்கொண்டு மழைக்கோட்டை ஒரு நிமிஷத்தில் எடுக்க முடிகிறதா என்று சோதியுங்கள். முடிந்தால் பை சரியாக அடுக்கப்பட்டிருக்கிறது. முடியாவிட்டால் மீண்டும் அவிழ்த்து அடுக்குங்கள்.